குளக்கரையில் எடுத்த வேட்டி

வேறு யாருடைய சனியோ என் இடுப்பைப் பிடித்துக்கொண்டது என்றுதான் முதலில் நம்பினேன். பேச்சுக்குச் சொல்லவில்லை. தொப்புளுக்கு நேரே, முதுகையும் சேர்த்துச் சுற்றி, நாலு விரல் அகலத்துக்கு ஓர் இறுக்கம். பந்தல்காலைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டுவார்களே, அந்த மாதிரி. இதற்குக் காரணம் ஓர் எட்டு முழ வேட்டி என்றும், அதன் பழைய சொந்தக்காரர் தன் ஏழரை வருஷத்தையும் என் இடுப்பில் சுற்றிவிட்டு நிம்மதியாக ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றும் நம்பினேன். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்கு நாற்பத்திரண்டு வயது. அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. ஆள் படித்தவன்தான்.

இதில் கேவலம் என்னவென்றால், இந்த மாதிரி நம்பிக்கைகளைக் கிண்டல் பண்ணுவதற்கென்றே ஊரில் இருந்த ஆள் நான்.

சுரக்குடியிலிருந்து காரைக்காலுக்குத் தினமும் சைக்கிளில் போவேன். வழியில் திருநள்ளாறு. சனிக்கிழமைகளில் வெளியூர் பஸ்கள் வரிசை கட்டி நிற்கும். வந்தவர்கள் நல்லெண்ணெய் தேய்த்துக் குளத்தில் முழுகி, உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டு, வேறு துணி கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவார்கள். துணியோடு பீடையும் போயிற்று என்று அர்த்தம். அந்தத் துணியை எங்கள் பக்கத்து ஆள் எவனும் தொடமாட்டான். தெரியாமல் கால் பட்டுவிட்டால்கூட, குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவான். நான் ஒரு காலைத் தரையில் ஊன்றி சைக்கிளை நிறுத்தி, "எல்லாரும் இங்க வந்து விட்டுட்டுப் போயிடுறீங்க. உள்ளூர்க்காரன் நாங்க எந்த ஊருல போயி விடுறது?" என்று கேட்டுவிட்டு மிதித்துக்கொண்டு போய்விடுவேன்.

அந்த ஐப்பசியில் நான் ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தேன். இருமல், உடம்பு வலி. மாத்திரை போட்டேன், போய்விட்டது. இதைச் சும்மா இங்கே சொல்லி வைக்கிறேன். நானே அதை மறந்துபோயிருந்தேன்.

காய்ச்சல் விட்ட அடுத்த சனிக்கிழமை, படித்துறை ஓரத்தில் ஒரு வேட்டி கிடந்தது. பச்சைக் கரை. ஒரு தரம்கூட வெளுப்புக்குப் போகாத புதுசு. கடைச் சீட்டு பாதி உரிந்து ஓரத்தில் தொங்கியது. யாரோ வசதியான ஆள், விடுவதற்கென்றே புதுசாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். சுற்றும் முற்றும் பார்த்தேன். சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

வேட்டிக்கு ஆசைப்பட்டு எடுத்தேன் என்று நினைக்க வேண்டாம். அலுவலகத்தில் என் பக்கத்து நாற்காலிக்காரர் ஒரு பயந்த சுபாவி. அந்தக் குளத்தைக் கடக்கும்போது மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார். திங்கட்கிழமை இந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு போய், அவரை ஒட்டி உட்கார்ந்து, தொடையோடு தொடை உரச அரை நாள் பேசிவிட்டு, அதற்கப்புறம் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அதுதான் திட்டம்.

வீட்டில் மனைவி வேட்டியை உதறிப் பார்த்தாள்.

"ஏதுங்க இது?"

"ஆபீஸ்ல ஒருத்தர் வீட்டுக் கல்யாணம். வச்சிக் குடுத்தாங்க."

"கல்யாண வீட்டுல எண்ணெ தேச்சிக் குடுப்பாங்களா?"

"குத்துவெளக்கு சாஞ்சிடுச்சி."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வேட்டியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். திங்கட்கிழமை காலையில் பச்சைக் கரை வேட்டி துவைத்து மடித்து நாற்காலியில் இருந்தது.

திட்டம் நன்றாகவே நடந்தது. விஷயத்தைச் சொன்னதும் பக்கத்து நாற்காலிக்காரர் துள்ளி எழுந்து, அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார். போகும்போது வாசலில் நின்று, "இதுக்கெல்லாம் நீ பதில் சொல்லணும்டா," என்றார். ஆபீஸே சிரித்தது.

பதில் மறுநாளே வந்தது. மத்தியானத்திலிருந்து நடுமுதுகில் ஒரு வலி. பாதம் இரண்டும் ஈர மணலில் புதைந்த மாதிரி. டீ குடிக்க எழுந்து நடந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"செருப்பு இங்க கெடக்கு."

குனிந்து பார்த்தேன். இடது காலில் செருப்பு இல்லை. கழன்றதே தெரியவில்லை. நேற்றைக்குப் பழி வாங்குகிறார் என்று நினைத்தேன்.

"எப்பக் கழட்டினீங்க?"

"நானா? கால் உன்னுது, செருப்பும் உன்னுது. என்னையக் கேக்குற?"

அவர் முகத்தில் கள்ளம் இல்லை. அதுதான் எனக்குச் சந்தேகம். காலையில் என்ன வேண்டிக்கொண்டு வந்தாரோ.

புதன்கிழமை தொடை வரைக்கும் மரத்துவிட்டது. அன்றைக்குத்தான் இடுப்பில் அந்தப் பட்டை வந்தது. வேட்டியை நெகிழ்த்திக் கட்டினேன், இறுக்கம் குறையவில்லை. அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கைலி கட்டினேன், குறையவில்லை. கைலியையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று இடுப்பைச் சுற்றித் தடவிப் பார்த்தேன். ஒரு நூல் கிடையாது. ஆனால் வேட்டி இருந்தது. அன்று மத்தியானத்திலிருந்து சிறுநீரும் இறங்கவில்லை. வயிறு உப்பி நின்றது. வலியாவது இருக்க வேண்டாமா? அதுவும் இல்லை.

மனைவியோ நான் போகிற இடமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுவரைப் பிடித்து நடப்பதைப் பார்த்தாள். சுருட்டி மூலையில் எறிந்திருந்த வேட்டியைப் பார்த்தாள். "என்னங்க பண்ணுது?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, நரம்பு பிடிச்சிருக்கு," என்றேன். இவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது, மறைக்கிறாள் என்று தோன்றியது. அன்று பரிமாறிய ரசத்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றிக்கொண்டேன்.

அவள் சொல்லி அனுப்பி, வியாழக்கிழமை காலையில் நெரவியிலிருந்து மச்சான் வாடகைக் காரோடு வந்துவிட்டார். மச்சான் என்றால் அவளுடைய அண்ணன். விவசாயி. என்னை இரண்டு கையாலும் தூக்கிப் பின்சீட்டில் போட்டார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு மஞ்சள் பையை நான் மடியை விட்டு இறக்கவில்லை. திருநள்ளாறு வந்ததும், "கொளத்துக்கிட்ட நிறுத்துங்க," என்றேன்.

"எதுக்கு மாப்ள?"

"சாமிக்குத்தான்."

"நீங்களா?" மச்சான் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவரைப் படித்துறை வரைக்கும் கொண்டுவந்து விடச் சொல்லி, உட்கார்ந்த மேனிக்குக் கையை ஊன்றி ஒவ்வொரு படியாக இறங்கினேன். பையிலிருந்து வேட்டியை எடுத்துத் தண்ணீரில் விட்டேன். கைக்குத் தண்ணீர் ஜில்லென்று இருந்தது. அப்போதுதான் பார்த்தேன். முழங்கால் வரைக்கும் தண்ணீருக்குள் இருக்கிறேன். காலுக்கு எதுவும் தெரியவில்லை. கையால் அள்ளித் தொடையில் ஊற்றினேன். யாருடைய தொடையிலோ ஊற்றுகிற மாதிரி இருந்தது. வயிற்றில் ஊற்றினேன். தொப்புளுக்குக் கீழே தண்ணீரே இல்லை, மேலே ஐப்பசிக் குளிர். வேட்டியை விட்டாயிற்று, இன்னும் ஏன் விடமாட்டேன் என்கிறது என்று குனிந்தவன் அப்படியே தலைகுப்புறக் குளத்துக்குள் போனேன்.

மச்சான்தான் இழுத்துப் போட்டார். ஈரம் சொட்டச் சொட்டப் படியில் கிடந்த என்னைச் சுற்றி வெளியூர்க் கூட்டம்.

"கோயிலுக்கு வர்றப்பவே ஏத்திக்கிட்டு வந்திருக்கான் பாரு," என்றாள் ஓர் அம்மாள்.

"இந்த ஊர்ல சகஜங்க அது. சரக்கு மலிவு," என்றார் பக்கத்தில் ஒருவர்.

"குடிக்கலங்க, ஒடம்பு முடியல," என்றார் மச்சான்.

"எல்லாரும் அப்படித்தாங்க சொல்றது."

மச்சான் தண்ணீரில் விரிந்து மிதந்த பச்சைக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத ஏன் மாப்ள இங்க விட்டீங்க?" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. இவரும் கூட்டு என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

காரைக்கால் ஆஸ்பத்திரியில் குழாய் வைத்துச் சிறுநீரை இறக்கினார்கள். டாக்டர் ஒரு கடிதம் எழுதி, இன்றைக்கே பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார். ஏன் ஒட்ட வேண்டும்? வழியெல்லாம் அதையே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டு போனேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஒல்லியாக ஓர் இளம் டாக்டர். குண்டூசி ஒன்றை எடுத்துப் பாதத்திலிருந்து மேலே குத்திக்கொண்டே வந்தார். "தெரியுதா? இங்க? இங்க?" இல்லை, இல்லை என்றே சொல்லிக்கொண்டு வந்தவன் தொப்புளைத் தாண்டியதும் "ஆ!" என்று கத்தினேன். அவர் பால்பாயிண்ட் பேனாவால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார். புரட்டிப் போட்டு முதுகிலும் குத்தி, கோட்டை முழுச் சுற்றாக முடித்தார். குனிந்து பார்த்தேன். வேட்டி கட்டினால் முதல் சுற்று எங்கே நிற்குமோ, சரியாக அங்கே நின்றது கோடு. எனக்கு மிச்சமிருந்த பாதி உடம்பும் வெலவெலத்துவிட்டது. மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்து ஸ்கூட்டர் சாவியை எடுத்து உள்ளங்காலில் ஒரு கோடு இழுத்தார். காலின் கட்டைவிரல் தானாக மேலே எழும்பியது.

"சார், அசையுது பாருங்க!" என்றேன் பெருமையாக.

"அது மேல போகக் கூடாதுங்க. கீழ மடங்கணும்," என்றார்.

அப்புறம் விசாரணை. எங்கேயாவது விழுந்தீர்களா? காசநோய் உண்டா? நாய் கடித்துத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்களா? தொப்புள் என்றதும் திடுக்கிட்டேன். எதற்கு இவர் தொப்புளிலேயே நிற்கிறார்? வேட்டி விஷயம் வெளியே வந்துவிடும் என்ற பயத்தில் எதைக் கேட்டாலும் இல்லை என்றேன். "சமீபத்துல காய்ச்சல்?" அதற்கும் இல்லை என்றேன்.

"ரெண்டு வாரத்துக்கு முன்ன ஒரு வாரம் காய்ச்சலாக் கெடந்தாங்க சார்," என்றாள் மனைவி.

டாக்டர் அவள் சொன்னதை எழுதிக்கொண்டார். நான் சொன்ன எதையும் எழுதினதாகத் தெரியவில்லை.

தண்டுவடத்தை ஏதாவது கட்டி அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும், முதுகில் ஊசி போட்டுக் கொஞ்சம் நீர் எடுத்து, மருந்து செலுத்திப் படம் பிடிக்க வேண்டும் என்றார்கள். பக்கத்துக் கட்டிலில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற பெரியவர் ஒருவர். கையில் ஜெபமாலை. நர்ஸ் நகர்ந்ததும் என் பக்கம் சாய்ந்தார்.

"முதுகுத் தண்ணி எடுக்க விட்றாத தம்பி. எடுத்தா மனுசன் அவ்வளவுதான். ஆம்பளத்தனமும் போயிடும். சைகோன்ல எங்க ரெஜிமெண்ட்ல ஒருத்தனுக்கு எடுத்தான்."

"அப்புறம் என்னங்க ஆச்சு?"

"என்ன ஆச்சு? எனக்குக் கப்பல் வந்துடுச்சி. வந்துட்டேன்."

எனக்கு அது போதும். கையெழுத்துப் போடமாட்டேன் என்று ஒரே பிடியாக நின்றேன். நின்றேன் என்பது வாய்ச்சொல்தான், படுத்திருந்தேன். மனைவி ஃபாரத்தை என் நெஞ்சின் மேல் வைத்தாள்.

"இப்ப மட்டும் ஓடிக்கிட்டா இருக்கீங்க? போறதுக்கு இன்னும் என்ன இருக்கு, சொல்லுங்க."

அவள் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. போட்டேன்.

படம் எடுக்கிற மேஜையில் என்னைக் கட்டி, தலைகீழாகச் சாய்த்தார்கள். இரண்டு நாள் தலைவலி. அதன் பிறகு டாக்டர் வந்து, கட்டி எதுவும் இல்லை என்றார். இதற்கு ட்ரான்ஸ்வர்ஸ் மைலைட்டிஸ் என்று பெயர், தண்டுவடத்தில் குறுக்குவாட்டில் அழற்சி, மூளை அனுப்புகிற சேதி அந்த இடத்தைத் தாண்டிக் கீழே போகவில்லை, கீழேயிருந்து வருகிற சேதி மேலே போகவில்லை என்று விளக்கினார். பட்டை மாதிரி இறுக்குவது ஏன் என்று நான் பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டேன். அழற்சி இருக்கிற மட்டத்தில் அப்படித்தான் இருக்கும், இந்த வியாதிக்காரர் பாதிப்பேர் சொல்வது அதுதான் என்றார். பாதிப்பேரும் குளத்து வேட்டியை எடுத்தவர்களாக இருக்க முடியாதே என்று முதல்முறையாக ஒரு சிறு வெளிச்சம்.

மச்சான் தலையைச் சொறிந்தார். "அப்ப மேட்டூர்ல தண்ணி இருக்கு, கடமடைக்கு வரல. அதானுங்களே?"

டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான்."

"நடுவுல எவன் அடச்சான்?"

காரைக்கால் விவசாயிக்கு இந்தக் கேள்வி தானாக வரும். தண்ணீர் வரவில்லை என்றால் மேலே எவனோ அடைத்திருக்கிறான்.

"யாரும் அடைக்கலங்க. காய்ச்சல் வந்தா ஒடம்புல காவல்காரங்க கெளம்புவாங்க இல்ல? கிருமிய அடிக்கப் போனவங்க, ஆள் தெரியாம சொந்தக் கரையவே வெட்டிப்புட்டாங்க. அப்படி வச்சிக்கங்க."

"நான் நடப்பேனா?" என்று கேட்டேன்.

"சிலர் முழுசா எழுந்து நடக்கறாங்க. சிலர் கம்போட. சிலருக்கு இப்படியே நின்னுடுது. வீக்கம் வத்த மருந்து போடறோம். மூணு மாசத்துக்குள்ள ஏதாவது அசைஞ்சா நல்லது. இப்ப சொல்ல முடியாதுங்க."

மூன்றாவது வகைதான் நான், சொல்லாமல் மறைக்கிறார் என்று தீர்மானித்துவிட்டேன். அதற்கு ஆதாரங்களும் சேர்ந்தன. ஊசி மருந்தில் முகம் பூசணிக்காய் மாதிரி ஊதியது, பசி பிய்த்துத் தின்றது. கடைசி ஆசைக்காகத்தான் கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே நாலு இட்லிக்கு மேல் இரண்டு வடை சாப்பிட்டேன். இரண்டு மணிக்கொரு தரம் புண் வராமல் என்னைப் புரட்டிப் போட்டுவிட்டு, மனைவியும் மச்சானும் வராந்தாவில் நின்று குசுகுசுவென்று பேசினார்கள். நான் பார்த்தால் நிறுத்திக்கொண்டார்கள். காலை அசைக்கச் சொல்லி நாள் முழுக்க உத்தரவு போட்டுக்கொண்டிருப்பேன். கால் வேறு யாருக்கோ வேலை பார்க்கிற மாதிரி சும்மா கிடக்கும்.

மூன்றாவது வாரம் தாங்க முடியவில்லை. நடக்காமல் போவதற்கு முன்னால் உண்மையையாவது சொல்லிவிடலாம் என்று மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

"அந்த வேட்டி கல்யாணத்துல குடுத்தது இல்ல. திருநள்ளாத்துக் கொளத்துல எடுத்தது."

"தெரியும்."

"தெரியுமா?"

"நல்லெண்ணெ வாடை தெரியாதா எனக்கு? அத நீங்க கட்டவே இல்லைங்க. அண்ணனுக்குப் பொங்கலுக்குன்னு பச்சக்கரையில ஒண்ணு எடுத்து வச்சிருந்தேன். அதத்தான் நனைச்சி மடிச்சி வச்சேன்."

சனி பிடித்த வேட்டி என்று நான் குளத்தில் கொண்டுபோய் விட்டது, மச்சானுக்கு எடுத்த பொங்கல் வேட்டி.

"அப்ப கொளத்து வேட்டி எங்க?"

"அன்னைக்கே அண்ணங்கிட்ட குடுத்து அனுப்பிட்டேன். அவரு கத்திரிக் கொல்லையில பொம்மைக்குக் கட்டிட்டாரு." அவள் அழ ஆரம்பித்தாள். "நான் கையால தொட்டு, அண்ணன் கொல்லைக்கும் அனுப்பிட்டேன். அதனாலதான் உங்களுக்கு வந்துடுச்சோன்னு தெனம் குமைஞ்சிக்கிட்டு இருக்கேன். அவரு வேற தனக்கு வந்துடுமோன்னு பயந்து கெடக்காரு."

"இதத்தான் வராந்தாவுல பேசினீங்களா?"

"வேற என்ன?"

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா சிரிப்பீங்க."

நான் சிரிக்கவில்லை. இருபது வருஷமாக எல்லாரையும் பார்த்துச் சிரித்தே வந்ததில், வீட்டில் இரண்டு பேர் தங்கள் பயத்தை என்னிடம் சொல்ல முடியாமல் வராந்தாவில் நின்றிருக்கிறார்கள். என் உடம்பும் என்னை மாதிரிதான். வீட்டு ஆளையே சந்தேகப்பட்டிருக்கிறது.

"பொம்மை எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் நிக்கிது."

"அதுக்கும் ஒத்தக் கால்தானே?"

அழுதுகொண்டே சிரித்தாள். அப்போது உள்ளே வந்த மச்சான் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன, டாக்டர் ஏதாவது சொன்னாரா?" என்று பயந்துபோய்க் கேட்டார்.

ஐந்தாவது வாரம் வலது காலின் கட்டைவிரல் நான் சொன்னபடி கீழே மடங்கியது. மனைவிதான் முதலில் பார்த்தாள். நான் நம்பவில்லை. டாக்டரை வரவழைத்து, அவர் எதிரே இன்னும் இரண்டு தரம் மடக்கிக் காட்டிய பிறகுதான் நம்பினேன். ஏழாவது வாரம் குழாயை எடுத்தார்கள். அதற்கப்புறம் இரண்டு பக்கமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகினேன்.

நடந்தது இவ்வளவுதான். காய்ச்சல் வந்தது. காய்ச்சலை விரட்டக் கிளம்பிய உடம்பு, தண்டுவடத்தையும் சேர்த்துத் தாக்கி அழற்சி உண்டாக்கியது. பதினோராவது வாரம் கம்போடு நடந்து வீட்டுக்கு வந்தேன். இன்று கம்பு இல்லாமல் நடக்கிறேன். சைக்கிள் மிதிக்க முடியாது, பஸ்ஸில்தான் ஆபீஸ் போகிறேன். இடது காலில் செருப்பு கழன்றால் இப்போதும் எனக்குத் தெரிவதில்லை.